‘திராவிடர்’ என்ற சொல்லை முன்வைத்து: ஓர் அரசியல் அடையாளப் பெயரை ஆராயும் முறை

“நீங்கள் தமிழரா, திராவிடரா?” என்ற கேள்வி இன்று தேநீர்க் கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சர்வசாதாரணமாகக் கேட்கப்படுகிறது. கேட்பவர் ஒரு சொல்லில் பதிலை எதிர்பார்க்கிறார். நாமும் பெரும்பாலும் ஒரு சொல்லில் சொல்லிவிட்டு நகர்கிறோம். ஆனால், அந்தப் பெயர் 1856-இல் ஒரு மொழிக் குடும்பத்தைக் குறித்தது. 1891-இல் சாதிப் பிரிவை ஏற்க மறுத்த ஒரு மக்கள் கூட்டத்தைக் குறித்தது. 1944-இல் பிராமணரல்லாத தென்னிந்தியரைக் குறித்தது. இன்று பலருடைய வாயில் சில கட்சிகளையும் அவற்றின் ஆட்சிமுறையையும் குறிக்கிறது. எந்த ஆண்டின் திராவிடரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் சொல்லும் பதில், ஆம் என்றாலும் இல்லை என்றாலும், பாதி நமக்கே புரியாத பதில்தான்.

இத்தகைய ஓர் அரசியல் அடையாளப் பெயரை எடுத்துக்கொண்டு, அது எப்படிப் பொருள் மாறிவந்தது, நம் குடும்பத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது, நம்மை என்ன செய்தது என்று நாமே தேடிப் பார்க்கும் முறையை இங்கே விளக்குகிறேன். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம், பழைய குடும்பக் காகிதங்கள், இணையத்தில் கிடைக்கும் அகராதிகள், பேச மனமுள்ள ஒரு முதியவர் ஆகியவை போதும். ‘திராவிடர்’ என்ற சொல்லை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அதன் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆண்டும் ஆவணமும் இருப்பதுதான். இதே முறையைத் ‘தேசியவாதி’, ‘முற்போக்காளர்’, ‘தலித்’ போன்ற பெயர்களுக்கும் பயன்படுத்தலாம். ஆனால், ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஒன்றாக இழுத்தால் ஆராய்ச்சி கட்சிச் சண்டையாகிவிடும்.

முதலில் உங்கள் பொருளை எழுதுங்கள்

அகராதியைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனத்தில் எழுவதை ஐந்தாறு வரிகளில் எழுதி, அருகில் தேதியைப் போடுங்கள். இலக்கணமாக இருக்க வேண்டியதில்லை. யாருடைய முகம் நினைவுக்கு வருகிறது, எந்த நிறம், எந்த மேடை, எந்தத் திட்டு என்பதையெல்லாம் எழுதலாம். நான் எழுதிய முதல் வரி, “கருப்புச் சட்டை போட்ட கணக்கு வாத்தியார்” என்பது. அது வரையறை ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால், என் பிற்கால அரசியல் வாசிப்பு முழுவதும் அந்த மனிதரிடம் எனக்கிருந்த மரியாதையின் மேல் கட்டப்பட்டது என்பதை அந்த வரியை எழுதிய பிறகுதான் உணர்ந்தேன். இந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஆண்டு வரிசையில் அடுக்குங்கள்

அடுத்து, அந்தச் சொல் வரும் வாக்கியங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் ஆண்டுடன் எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் இணையப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் முதலில் வந்தது. அது இக்கால உரைநடையை ஆதாரமாகக் கொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே இடைப்பட்ட காலத்தில் நடந்த நகர்வு தெரியும். அகராதிகள் அரசியலுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வருபவை என்பதால், ‘குடி அரசு’ போன்ற பழைய இதழ்களையும் மாநாட்டுத் தீர்மானங்களையும் பார்ப்பது இன்னும் பயன் தரும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், ஈழத்து ஆவணங்களுக்கு ‘நூலகம்’ இணையத்தளமும் தொடங்குவதற்கு நல்ல இடங்கள்.

‘திராவிடர்’ என்ற சொல்லை இப்படி அடுக்கினால் முதலில் எதிர்ப்படுவது அரசியலே அல்ல. சௌந்தர்யலகரியில் வரும் ‘திராவிட சிசு’ என்ற தொடர் திருஞானசம்பந்தரைக் குறிப்பதாகப் பலர் பொருள் கொள்கிறார்கள். வைணவர்கள் நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் ‘திராவிட வேதம்’ என்றார்கள். பிராமணர்களைப் பஞ்ச கௌடர், பஞ்ச திராவிடர் என்று பிரிக்கும் பழைய வழக்கத்தில் மராட்டிய, குஜராத்திப் பிராமணர்களும் திராவிடர்களே. ‘திராவிட்’ என்ற குடும்பப்பெயர் பிராமணக் குடும்பங்களில் இன்றும் இருப்பதைப் பார்த்து வியப்பவர்கள் இந்த வரிசையைப் பார்க்காதவர்கள்.

பிறகு மொழியியல் வருகிறது. தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதைப் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1816-இல் சான்றுகளுடன் எழுதினார். 1856-இல் வெளிவந்த தம்முடைய ஒப்பிலக்கணத்தில் ராபர்ட் கால்டுவெல் அந்தக் குடும்பத்துக்குத் ‘திராவிட’ என்ற பெயரை நிலைநிறுத்தினார். அதுவரை மொழிக்கும் நாட்டுக்கும் வைணவப் பாசுரத்துக்கும் அடைமொழியாக இருந்த சொல், பிறகு மனிதர்களின் கூட்டுப் பெயராக மாறத் தொடங்கியது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார். தம் மக்களைச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றார். அதாவது, அரசியல் பெயராக ‘திராவிடர்’ என்பதை முதலில் கையில் எடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். இதை நான் நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்தேன்; மேடைகளில் சொல்லப்பட்ட வரலாறு எப்போதும் 1916-இல்தான் தொடங்கியது.

அந்த 1916-இல் தொடங்கப்பட்ட அமைப்பின் பெயரும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது ‘சவுத் இந்தியன் லிபரல் ஃபெடரேஷன்’. தமிழில் ‘தென்னிந்திய நல உரிமைச் சங்கம்’. ‘லிபரல்’ என்ற சொல் தமிழுக்கு வரும்போது ‘நல உரிமை’ ஆகிவிட்டது. மக்களோ இரண்டையும் விட்டுவிட்டு, அந்த அமைப்பு நடத்திய ‘ஜஸ்டிஸ்’ என்ற ஆங்கில நாளேட்டின் பெயரால் அதை ஜஸ்டிஸ் கட்சி, நீதிக்கட்சி என்றே அழைத்தார்கள். அதே அமைப்பின் தமிழ் நாளேட்டுக்குத் ‘திராவிடன்’ என்று பெயர். ஓர் இயக்கத்துக்கு அது தானே சூட்டிக்கொண்ட பெயர் ஒன்றாகவும், ஊர் சூட்டிய பெயர் வேறாகவும் இருப்பது வழக்கம் என்பதால், நோட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எதிராக என்று கேளுங்கள்

என் அனுபவத்தில், அகராதிப் பொருளைவிட எதிர்ப்பெயரே அதிகம் சொல்லும். ஓர் அரசியல் பெயர் தனியாக நிற்பதில்லை. அது எப்போதும் ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. ஆகவே, கிடைத்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே, “இங்கே திராவிடர் அல்லாதவர் யார்?” என்று எழுதிப் பாருங்கள்.

கால்டுவெல்லிடம் எதிர்ப்பக்கத்தில் இருப்பது சமஸ்கிருத மொழிக் குடும்பம். அயோத்திதாசரிடம் இருப்பது சாதியை உண்டாக்கியவர்களும் அதை ஏற்றுக்கொண்டவர்களும். 1917-இன் ‘திராவிட’னுக்கு எதிரே இருப்பவர் அரசு வேலைகளிலும் கல்வியிலும் முன்னிருந்த பிராமணர். 1938-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் எழுந்த முழக்கமோ ‘தமிழ்நாடு தமிழருக்கே’ என்பது. அதில் திராவிடர் இல்லை. அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது ‘திராவிட நாடு திராவிடருக்கே’ என்று மாறியது. அன்றைய சென்னை மாகாணத்தில் தமிழர் மட்டுமல்லாமல் தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் எல்லாரும் இருந்தார்கள். வேலி டெல்லிக்கும் வடக்குக்கும் எதிராக நகர்ந்தபோது, அதற்கு இந்தப் பக்கம் அவர்களையும் நிறுத்த ஒரு பெயர் தேவைப்பட்டது. 1953-இல் ஆந்திரம் பிரிந்து, 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த பிறகு, அந்தப் பெயருக்குள் நடைமுறையில் மிஞ்சியவர் தமிழர் மட்டுமே. 1963-இல் பிரிவினைக் கோரிக்கைக்குத் தடைபோட்ட அரசியலமைப்பின் பதினாறாவது திருத்தம் வந்ததை ஒட்டித் தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. நாடு போய்விட்டது, மக்கள் பரப்பும் சுருங்கிவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றது. பெயர் நிலைத்திருப்பதைப் பார்த்து உள்ளடக்கமும் நிலைத்திருப்பதாக நினைப்பதுதான் இந்த ஆராய்ச்சியில் நேரும் முதல் பிழை.

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ‘தேசியவாதி’ என்றால் காங்கிரஸ்காரர் என்று பொருள். திராவிட இயக்கத்தாருக்கு எதிரே நின்றவர் அவர். 2005-இல் மதுரையில் விஜயகாந்த் தொடங்கிய கட்சிக்குத் ‘தேசிய முற்போக்கு திராவிட கழகம்’ என்று பெயர். ஒன்றையொன்று மறுத்து வளர்ந்த இரண்டு சொற்களும் ஒரே பெயர்ப்பலகையில் ஒன்றாக உட்கார்ந்ததைப் பார்த்து அன்று பலர் சிரித்தார்கள். அவை எதிர்ச்சொற்களாக இருந்த காலம் முடிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பலகையைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓர் எழுத்தையும் விடாதீர்கள்

1944-இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி ‘திராவிடர் கழகம்’ ஆனது. அந்தத் தீர்மானம் அண்ணாதுரை தீர்மானம் என்றே அறியப்படுகிறது. ஆங்கிலேய அரசு தந்த ராவ் பகதூர், சர் போன்ற பட்டங்களைத் துறக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1949-இல், அண்ணாவும் அவருடன் வெளியேறியவர்களும் தொடங்கிய கட்சி ‘திராவிட முன்னேற்றக் கழகம்’. ‘திராவிடர்’ என்பதிலிருந்த ‘ர்’ போய்விட்டது. ‘திராவிடர்’ என்றால் மக்கள், பிறப்பால் யார் உள்ளே யார் வெளியே என்ற கேள்வி அதில் இருக்கிறது. ‘திராவிட’ என்றால் நிலம், அங்கே வாழும் எவரும் சேரலாம் என்று இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்வது வழக்கம். பிராமணர்கள் திராவிடர் கழகத்தில் உறுப்பினராக முடியாது, தி.மு.க.வில் ஆகலாம் என்ற நடைமுறை அந்த விளக்கத்துக்கு வலு சேர்க்கிறது.

ஆகவே, பெயரை ஆராயும்போது ஒட்டுகளையும் விகுதிகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஆதி’, ‘மறுமலர்ச்சி’, ‘அனைத்திந்திய’ போன்ற முன்னொட்டுகள் பெரும்பாலும் ஒரு சண்டையின் தழும்புகள். ‘பிராமணரல்லாதார்’ என்ற பெயர் இன்னொரு வகையைச் சேர்ந்தது: தான் யார் என்று சொல்லாமல், யார் இல்லை என்று மட்டும் சொல்லும் பெயர். அப்படிப்பட்ட பெயர்கள் கூட்டணி அமைக்க வசதியானவை, உள்ளே இருப்பவர்களின் ஏற்றத்தாழ்வை மூடி மறைக்கவும் வசதியானவை.

அரசுத் தாளில் என்ன ஆகிறது

மேடையில் பிறந்த பெயர் அரசுத் தாளுக்குள் நுழைந்தவுடன் அதன் இயல்பு மாறிவிடுகிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் பெரும்பாலோருக்கு அடையாளம் என்பது கொள்கையாக அல்ல, சான்றிதழாகவே முதலில் கைக்கு வருகிறது.

அயோத்திதாசர் ‘பறையர்’ என்ற பெயரை ஏற்க மறுத்தவர். அது பிறர் இழிவாகச் சுமத்தியது என்பது அவர் வாதம். அதே காலத்தில், 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். இழிவு செய்யப் பயன்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து தானே சொல்லிக்கொள்வது அவர் எடுத்த வழி. ஒரே மக்கள், ஒரே காலம், ஒரே இழிவு. இருவரும் எதிரெதிர் வழிகளைத் தேர்ந்தார்கள். இதில் யார் சரி என்று தீர்ப்பு எழுதும் ஆசை எழும். எனக்கும் எழுந்தது. எழுதாமல் விடுவதே நல்லது என்று சொல்வேன், ஏனென்றால் இன்றுவரை இரண்டு வழிகளிலும் மக்கள் நடக்கிறார்கள்.

பிறகு, ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால், 1922-இல் சென்னை மாகாண அரசு தன் ஆவணங்களில் ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்ற சொற்களுக்குப் பதிலாகத் தமிழ்ப் பகுதிகளில் ‘ஆதிதிராவிடர்’ என்றும் தெலுங்குப் பகுதிகளில் ‘ஆதி ஆந்திரர்’ என்றும் எழுத ஆணையிட்டது. ‘ஆதி’ என்பதன் பொருள் முதலில் இருந்தவர் என்பது, பெருமைக்குரிய சொல். ஆனால் ஊர் வழக்கில் என்ன ஆயிற்று? ‘திராவிடர்’ ஒரு பக்கம், ‘ஆதிதிராவிடர்’ இன்னொரு பக்கம் என்று ஆகி, முன்னொட்டு ஒரு பிரிசுவராக மாறியது. ‘ஆதிதிராவிடர் காலனி’ என்று பெயர்ப்பலகை நிற்கும் இடம் ஊருக்கு வெளியே இருந்தது.

இந்தப் பெயர் இன்றைய தாள்களில் ஒரே நேரத்தில் இரண்டு பொருளில் வழங்குகிறது. அரசுத் துறையின் பெயரான ‘ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை’யில் ‘ஆதிதிராவிடர்’ என்பது பட்டியல் சாதியினர் அனைவரையும் குறிக்கிறது. பட்டியல் சாதிகளின் அட்டவணையிலோ ‘ஆதிதிராவிடர்’ என்பது தனி வரிசை எண்ணுள்ள ஒரு சாதிப் பெயர். ‘பறையர்’ வேறொரு எண். ஆதலால், அருந்ததியர் என்று சான்றிதழ் பெற்ற ஒரு மாணவி, ஆதிதிராவிடர் நல விடுதி என்ற பலகையின் கீழ்த் தங்கிப் படித்திருப்பாள். அவளைக் கேட்டால் தான் ஆதிதிராவிடர் இல்லை என்று சரியாகவே சொல்வாள். இத்தகைய விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்ற பொதுப்பெயரையும், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதையும் தமிழ்நாடு அரசு 2025-இல் அறிவித்தது. அட்டவணைப் பெயர்களும் மாறுகின்றன: 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம், தனித்தனியாக இருந்த ஏழு பெயர்களைத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது.

எனவே, உங்கள் வீட்டிலுள்ள பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழ்களையும் சாதிச் சான்றிதழ்களையும் எடுத்து, தாத்தா, தந்தை, நீங்கள் என்ற வரிசையில் வைத்து, சாதி என்ற கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று தலைமுறையில் பெயர் மாறாத வீடுகள் நான் பார்த்தவரை குறைவு. பெயரை யார் மாற்றினார்கள் என்பதையும் விசாரியுங்கள்: குடும்பமே கேட்டு மாற்றியதா, தலைமையாசிரியர் தாமாக எழுதியதா, அரசாணை வந்து மாறியதா? சேர்க்கை நாளில் ஒரு வாத்தியார் அவசரத்தில் எழுதிய சொல்லை அடுத்த இரண்டு தலைமுறைகள் தம் அடையாளமாகச் சுமந்த கதைகளும் உண்டு.

கடலுக்கு அப்பாலும் இதே முறை பொருந்தும். இலங்கையின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என்று தனித்தனியாக எண்ணியது. தோட்டத் தொழிலாளர்களுக்காக 1939-இல் தொடங்கப்பட்ட அமைப்பு ‘இலங்கை இந்தியக் காங்கிரஸ்’ என்று தன்னை அழைத்துக்கொண்டது. 1948-இன் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1950-இல் அமைப்பு ‘இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. ‘இந்திய’ என்ற அடைமொழி அதற்குள் உரிமையைப் பறிக்கும் ஆயுதமாகிவிட்டது. பின்னர் வேர்கொண்ட ‘மலையகத் தமிழர்’ என்ற பெயர், வந்த நாட்டை விட்டுவிட்டு வாழும் மண்ணைச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வாயில் வேறொரு பெயருமாக வளர்ந்தவர்களிடம் இந்த வேறுபாட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நூல்களில் இல்லாதது கிடைக்கும்.

முதியவரிடம் கேட்கும் விதம்

“பெரியப்பா, திராவிடர் என்றால் உங்களுக்கு என்ன?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மேடைப் பேச்சுதான் திரும்ப வரும். “அந்தக் கூட்டத்துக்கு நம் தெருவிலிருந்து யார் யார் போனார்கள்? போகாதவர்களை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? அவர்கள் உங்களை என்னவென்று சொல்வார்கள்?” என்று கேளுங்கள். என் பெரியப்பாவிடம் அப்படிக் கேட்டபோது, “எங்களைச் சூனா மானாக்காரன் என்பான். நாங்கள் அவனைப் பஞ்சாங்கம் என்போம்” என்று சிரித்தார். சுயமரியாதைக்காரர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘சூனா மானா’, தி.மு.க. ‘தீனா மூனா கானா’. அவர் இரண்டு மணி நேரம் பேசியதில் ‘திராவிடம்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. ‘அண்ணா கட்சி’ வந்தது, ‘எம்.ஜி.ஆர். கட்சி’ வந்தது, “உங்கள் அத்தை வீடு இலை, நாம் சூரியன்” என்பதும் வந்தது.

இது முக்கியமான கண்டுபிடிப்பு. கட்டுரையாளர்கள் கொள்கைப் பெயரில் எழுதுகிறார்கள். வீடுகள் தலைவரின் பெயரிலும் சின்னத்திலும் தங்களை அடையாளம் காண்கின்றன. உறவுச் சொற்களும் அப்படியே. கருணாநிதியின் ‘உடன்பிறப்பே’, எம்.ஜி.ஆரின் ‘ரத்தத்தின் ரத்தமே’, இடதுசாரிகளின் ‘தோழர்’ ஆகியவை கட்சிக்காரனைக் குடும்பத்துக்குள் இழுத்துக்கொண்ட விளிகள். அவற்றில் ஒன்றான ‘உடன்பிறப்பு’ இன்று சமூக ஊடகங்களில் ‘உபி’ என்று சுருங்கிக் கிண்டலாகியிருப்பதையும் நோட்டில் குறிக்கலாம். பாசமாகத் தொடங்கிய சொல் ஏளனமாக முடிவதற்கு அரை நூற்றாண்டு போதுமானதாக இருக்கிறது.

திருமண அழைப்பிதழ்களை அடுக்குங்கள்

ஓர் அரசியல் பெயர் தனிமனிதரை எவ்வளவு மாற்றியது என்பதை அளக்க, எனக்குத் தெரிந்தவரை திருமண அழைப்பிதழ்களைவிடச் சிறந்த கருவி இல்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள அத்தனையையும் எடுத்துத் தரையில் ஆண்டு வரிசையில் பரப்புங்கள்.

எங்கள் வீட்டு அழைப்பிதழ்களில் மிகப் பழையது ‘விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை’ என்று தொடங்குகிறது. மணமகன் சிரஞ்சீவி, மணமகள் சௌபாக்கியவதி, பெரியவர்கள் ஸ்ரீமான்கள், எல்லாப் பெயருக்குப் பின்னும் சாதிப் பட்டம். 1950-களின் இறுதியில் வந்தது ‘திருமண அழைப்பிதழ்’; செல்வன், செல்வி, திரு என்று மாறிவிட்டது, ஆனால் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1971-இல் வந்ததில் பிள்ளையார் சுழி இல்லை, முகூர்த்த நேரம் இல்லை; ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’, தலைமை ஒருவர், வாழ்த்துரை ஏழு பேர், சாதிப் பட்டம் ஒருவருக்குமில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளைச் சேர்த்துப் படியுங்கள்: ‘குடி அரசு’ இதழில் ஈ.வெ. இராமசாமியின் பெயருக்குப் பின்னிருந்த ‘நாயக்கர்’ 1927-இன் இறுதியில் மறைந்தது. 1929-இல் செங்கற்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சட்டத்தை 1967-இல் ஆட்சிக்கு வந்த அண்ணாவின் அரசு நிறைவேற்றியது. இராமையா அன்பழகன் ஆனதும் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இதே ஓட்டத்தில்தான்.

எனக்கு வியப்பளித்தவை அழைப்பிதழ்க் கட்டின் மேற்பகுதியில் இருப்பவை, அதாவது 1990-களுக்குப் பிந்தையவை. பிள்ளையார் திரும்பி வந்துவிட்டார். குலதெய்வம் துணை நிற்கிறது, முகூர்த்தம் நிமிடக் கணக்கோடு அச்சாகிறது. ஆனால் சாதிப் பட்டம் திரும்பி வரவில்லை. தன்னைத் திராவிடர் என்று சொல்லிக்கொள்ளாத, அந்த அரசியலை வெளிப்படையாக வெறுக்கிற என் அத்தை மகன்கூடத் தன் பெயருக்கு முன்னால் தந்தையின் முதலெழுத்தை மட்டுமே போட்டுக்கொள்கிறான். சொல்லை உதறியவர்களின் உடம்பிலும் பழக்கம் மிஞ்சுகிறது. எனவே, அடையாளத்தை அளக்கும்போது “இவர் தம்மை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்” என்பதோடு நிறுத்தாமல், பெயர், திருமணம், பண்டிகை, பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர் ஆகியவற்றில் என்ன செய்கிறார் என்பதையும் தனிப் பத்தியில் எழுத வேண்டும். பட்டம் மறைந்ததால் சாதி மறைந்ததாகக் கணக்கு எழுதிவிடவும் கூடாது. எங்கள் கட்டிலுள்ள அழைப்பிதழ்களில் சாதிக்கு வெளியே நடந்தவை இரண்டே இரண்டு.

தவறு நேரும் இடங்கள்

மூன்று இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்று, வேர்ச்சொல் வாதம். தமிழ் என்பதே திரிந்து ‘திராவிட’ ஆயிற்று என்பாரும், அது வடசொல், ஆகவே நம்முடையதல்ல என்பாரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து, 1944-இல் சேலத்தில் கூடியவர்கள் எதை மனத்தில் வைத்திருந்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு, இன்றைய பொருளை நேற்றைய வாக்கியத்தில் திணிப்பது. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு: பழைய வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நீங்கள் நினைக்கும் பொருளை முழுத் தொடராக எழுதிப் படியுங்கள். ‘திராவிட வேதம்’ என்பதைப் ‘பிராமணரல்லாத தென்னிந்தியரின் வேதம்’ என்று மாற்றினால், அதைப் போற்றிய வைணவ ஆசாரியர்களைக் கொண்டே அது உடைந்துவிடும். மூன்று, எதிரி தரும் வரையறையை எடுத்துக்கொள்வது. ‘சங்கி’ என்பதன் பொருளை அப்படித் திட்டுபவரிடமும், ‘திராவிடம்’ என்பதன் பொருளை அதை ஒழிக்க வேண்டும் என்பவரிடமும் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால், கிடைப்பது பொருள் அல்ல, கோபம்.

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்

இப்போது முதல் நாள் மடித்து வைத்த பக்கத்தை எடுங்கள். அதிலுள்ள ஒவ்வொரு வரியும் நீங்கள் தயாரித்த ஆண்டு வரிசையில் எந்த இடத்தில் பொருந்துகிறது என்று அம்புக்குறி போடுங்கள். ஒரே சொல்லுக்குள் நீங்கள் இரண்டு மூன்று காலங்களைக் கலந்து வைத்திருப்பது தெரியவரும். மொழிக் குடும்பம் என்ற பொருளில் ஏற்பதை ஆட்சி என்ற பொருளில் மறுத்துக்கொண்டும், ஆட்சி என்ற பொருளில் எழும் கோபத்தைச் சாதி மறுப்பின் மேல் காட்டிக்கொண்டும் இருந்திருப்பீர்கள்.

பிறகு இன்னொரு சோதனை. அந்தப் பெயருக்குரிய கூட்டம் எடுக்கும் நிலைப்பாட்டில் உங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றை எழுதுங்கள். ஒன்றுகூடத் தோன்றவில்லை என்றால், பெயர் உங்களுக்காக யோசித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். தோன்றியும் வெளியில் சொல்லத் தயங்குகிறீர்கள் என்றால், யாரிடம் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது கட்சித் தலைவராக இருக்காது, ஒரு நண்பராகவோ அண்ணனாகவோ இருக்கும். நான் எழுதிய பெயர் அந்தக் கணக்கு வாத்தியாருடையது. அவர் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி அடுத்த முறை வரும்போது, “எந்தப் பொருளில் கேட்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்பது தப்பித்தல் ஆகாது, ஆனால் கேட்கும் தொனியில் ஏளனம் இருந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பெரியவர்களிடம், “ஐயா, மொழியைச் சொல்கிறீர்களா, கட்சியைச் சொல்கிறீர்களா?” என்று இரண்டு வழிகளைக் காட்டிக் கேட்டால் அவர்களே விரித்துச் சொல்வார்கள். குழுவில் எழுத்தில் பதில் சொல்வதானால், ‘நான் திராவிடர்’ அல்லது ‘இல்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக, ‘சாதிப் பட்டம் போடுவதில்லை என்ற பொருளில் ஆம்; இன்ன ஆட்சியின் இன்ன முடிவை ஆதரிக்கிறேனா என்றால் இல்லை’ என்பதுபோல் பொருளையும் சேர்த்து எழுதுங்கள். பதில் நீளும். சிலர் படிக்க மாட்டார்கள். படிப்பவர்களோடு மட்டும் பேச்சைத் தொடரலாம்.

எழுதி முடித்த பக்கத்தில் தேதியைப் போட்டு, அழைப்பிதழ்க் கட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த திருமணப் பத்திரிகை அச்சாகும்போது, பெயருக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று வீட்டில் ஒரு பேச்சு எழும். அப்போது அந்தக் கட்டை வெளியே எடுக்கலாம்.